ஊரார் எழுப்பிய கோயில்: கிராக்கோவின் மரியன்னை ஆலயம்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரச் சதுக்கம் ஐரோப்பாவில் இடைக்காலம் விட்டுச்சென்ற சதுக்கங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அதன் விளிம்பில் நிற்கும் வீடுகளும், அதிலிருந்து பிரியும் தெருக்களில் பெரும்பாலானவையும், நடுவிலுள்ள துணி வணிகர் மண்டபமும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கின்றன. வடகிழக்கு மூலையில் இருக்கும் மரியன்னை ஆலயமோ சதுக்கத்துக்கு ஒட்டாமல் கோணலாக நிற்கிறது. கட்டியவர்களின் பிழை அல்ல அது. 1257-ல் இளவரசர் பொலெஸ்வாவ் ஊருக்கு நகர உரிமை வழங்கி, தெருக்களுக்குக் கயிறு பிடித்துக் கோடு போட்டபோது ஆலயம் ஏற்கெனவே அங்கே இருந்தது. பீடம் கிழக்கு நோக்கி அமைய வேண்டும் என்ற பழைய முறைப்படி அதன் அடித்தளம் போடப்பட்டிருந்தது. பின்னால் வந்த நகரம் தன் கோட்டைப் போட்டுக்கொண்டது. ஆலயம் தன் திசையை விடவில்லை.

ஆயர் இவோ ஒத்ரோவொன்ஷ் 1222-ல் தொமினிக்கன் துறவிகளைக் கிராக்கோவுக்கு அழைத்து வந்து, அதுவரை ஊரின் பங்குக் கோயிலாக இருந்த திரித்துவ ஆலயத்தை அவர்களுக்குக் கொடுத்தார். கோயிலை இழந்த பங்கு மக்களுக்காக எழுந்ததுதான் மரியன்னை ஆலயம். முதல் கட்டடம் மங்கோலியப் படையெடுப்பில் அழிந்தது. அதன் அடித்தளத்தின்மேல் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாவது ஆலயம் எழத் தொடங்கியது. இன்று நாம் காணும் செங்கல் ஆலயம் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டுக்குரியது.

தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இது அரசரின் ஆலயம் அல்ல, ஆயரின் ஆலயமும் அல்ல. அரசர்கள் முடிசூடியதும் அடக்கமானதும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், வாவெல் குன்றின்மேல் இருக்கும் பேராலயத்தில். ஆயரின் இருக்கையும் அங்கேதான். கீழே சதுக்கத்தில் இருந்த மரியன்னை ஆலயம் வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் உரியது. அவர்களே பணம் கொடுத்தார்கள். அவர்களே அங்கே திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்களே அதன் சுவரோரம் புதைக்கப்பட்டார்கள். காலப்போக்கில் பங்குத்தந்தையை முன்மொழியும் உரிமையும் நகர மன்றத்தின் கைக்கு வந்தது. இந்த ஆலயத்தின் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் சிற்பியைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், பங்கைப் பற்றிக் கொஞ்சமாகவே எழுதுகிறார்கள். என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். யார் கொடுத்தார்கள், யார் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டால்தான் அங்குள்ள கலை ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். நீண்டு உயர்ந்த பீடப்பகுதி 1355-க்கும் 1365-க்கும் இடையில் எழுந்தது. அதற்குப் பொருள் உதவியவராகச் சொல்லப்படுபவர் மிக்கோவாய் வியெஜினெக் என்ற பெருவணிகர். நடுக்கூடத்தை 1390-களில் பிராகா நகரிலிருந்து வந்த வெர்னர் என்ற தலைமைக் கொத்தர் உயர்த்தினார். அதன் உயரம் 28 மீட்டர். இவ்வளவு உயரத்தில் வளைவுக்கூரை போட்டால் அது சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். பிரான்சின் கோதிக் பேராலயங்களில் அந்த உந்துதலைத் தாங்க வெளியே கல் வளைவுகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதற்கு நல்ல கல்லும், அதை வெட்டத் தெரிந்த பெரும் கூட்டமும், இடமும் வேண்டும். கிராக்கோவில் செங்கல்தான் மலிவு. ஆகவே இவ்வூர்க் கொத்தர்கள் முட்டுச்சுவரை வெளியே வைக்காமல் நடுக்கூடத் தூண்களின் பின்புறத்தோடே சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அது பக்கக்கூடத்துக்குள் மறைந்து நிற்கும். கட்டடக்கலை வரலாற்றில் இதற்குக் கிராக்கோவ் முறை என்றே பெயர். வாவெல் பேராலயத்திலும் இதே முறை உண்டு. கையில் இருக்கும் பொருளை வைத்தே உயரத்தைத் தொட்டுவிடும் வணிக நகரத்தின் கணக்கு இதில் தெரிகிறது. ஆனாலும் 1442-ல் பீடப்பகுதியின் கூரை இடிந்து விழுந்தது, மறுபடி கட்டினார்கள். அதே காலத்தில் செல்வக் குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் பக்கச் சுவர்களை ஒட்டிச் சிற்றாலயங்களை எழுப்பிக்கொண்டன.

முகப்பின் இரண்டு கோபுரங்கள் சம உயரம் உடையவை அல்ல. வடக்குக் கோபுரம் ஏறத்தாழ 81 மீட்டர், தெற்குக் கோபுரம் 69 மீட்டர். கட்டிய இருவரும் அண்ணன் தம்பியர், பொறாமையில் ஒருவன் மற்றவனைக் குத்திக் கொன்றான் என்று ஒரு கதை உண்டு. துணி வணிகர் மண்டபத்தில் அந்தக் கத்தி என்று சொல்லி ஒன்றைத் தொங்கவிட்டும் இருக்கிறார்கள். கதையைவிட உண்மை சுவையானது. குள்ளக் கோபுரம் பங்கின் மணிக்கூண்டு. உயர்ந்த கோபுரமோ நகரத்தின் காவல் கோபுரம். அது ஊராட்சியின் சொத்து. தீயோ பகைவரோ கண்ணில் பட்டால் அங்கிருந்து எக்காளம் ஊதுவார்கள். அந்த ஊதலைப் பற்றிய பதிவு 1392-ஆம் ஆண்டின் நகரக் கணக்கிலேயே இருக்கிறது. 1478-ல் அதன் உச்சியில் சிறு கூம்புகள் சூழ்ந்த நெடிய கூர்முனை ஏறியது. 1666-ல் அதற்கு ஒரு பொன்முடியும் சூட்டினார்கள். இன்றும் தீயணைப்புத் துறைப் பணியாளர்கள் மணிக்கொரு தரம் 54 மீட்டர் உயரத்து அறையிலிருந்து நான்கு திசைகளிலும் ஊதுகிறார்கள். முதல் ஊதல் அரசருக்காக வாவெல் பக்கம். அடுத்தவை நகர மன்றத்தாருக்கும் ஊருக்கு வரும் விருந்தினருக்கும் மற்றவர்களுக்கும். நண்பகல் ஊதலைப் போலந்து வானொலி 1927 முதல் நாடெங்கும் ஒலிபரப்பி வருகிறது. இசை பாதியில் நின்றுபோவதற்குக் காரணம் தாத்தாரியன் ஒருவனின் அம்பு ஊதுபவனின் தொண்டையில் பாய்ந்ததுதான் என்ற கதையைப் பரப்பியது பழைய ஏடு எதுவும் அல்ல. 1928-ல் எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் சிறுவர்களுக்காக எழுதிய நாவல். நல்ல கதைதான். ஆனால் ஒரே முகப்பில் ஒரு கோபுரம் பங்குக்கும் மற்றொன்று ஊராட்சிக்குமாக இருப்பதே இந்த ஆலயத்தின் இயல்பைச் சரியாகச் சொல்கிறது.

இனி, உலகமே இங்கே வந்து பார்க்கும் பெரும் பீடம்.

1477-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்து ஃபைட் ஸ்டோஸ் என்ற சிற்பி அவ்வூர்க் குடியுரிமையையே துறந்துவிட்டுக் கிராக்கோவுக்கு வந்தார். போலந்து மக்கள் அவரை வித் ஸ்த்வோஷ் என்பார்கள். வயது முப்பதையொட்டி இருக்கும். மரியன்னை ஆலயத்தின் தலைமைப் பீடத்தைச் செய்ய நகரத்தார் அவரை அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1489-ல் வேலை முடிந்தது. செலவு 2,808 பொற்காசுகள். அது நகரத்தின் ஓராண்டு வரவுசெலவுக்கு ஈடான தொகை என்று சொல்வதுண்டு. ஊராரின் கொடையும் உயில்களில் எழுதி வைத்த பணமும்தான் அதற்கு முதல். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1483-ல், அவர் திறமையைப் பாராட்டி நகர மன்றம் அவருக்கு வரிவிலக்கு அளித்தது. வெளியூர்க்காரராக வந்தவர் சிற்பியர், ஓவியர் சங்கத்தின் மூத்தவர்களில் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பீடம் ஏறத்தாழ 13 மீட்டர் உயரம். கதவுகளை விரித்தால் 11 மீட்டர் அகலம். சட்டகம் ஓக் மரம், பின்பலகை லார்ச் மரம், உருவங்கள் லிண்டன் மரம். லிண்டன் மென்மையானது, இழை நுண்மையானது, உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் சொன்னபடி கேட்கும். ஆனால் பெரிய அடிமரம் காயும்போது வெடிக்கும். அதனால் உருவத்தின் முதுகுப் பக்கத்தை உள்ளே குடைந்து, முன்பக்கத்தை ஓடுபோல் விட்டுவிடுவார்கள். நடுவில் நிற்கும் திருத்தூதர்கள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரம். இந்த அளவில் ஒரே மரத்தில் உருவத்தைக் குடைந்தெடுப்பது துணிச்சலான காரியம். மரத்தின் மேல் சுண்ணப்பூச்சு, அதன்மேல் வண்ணம், ஆடைகளுக்குத் தங்கத் தகடு.

நடுக்காட்சி மரியாவின் மரணம். கிழக்குத் திருச்சபை மரபில் மரியா கட்டிலில் படுத்திருப்பார், திருத்தூதர்கள் சூழ்ந்து நிற்பார்கள். ஸ்டோஸின் மரியா முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சரிகிறார். முகத்தில் முதுமை இல்லை. ஒரு திருத்தூதர் அவரைத் தாங்கிப் பிடிக்கிறார். இன்னொருவர் அவர் தலைக்குமேல் இரண்டு கைகளையும் கோத்து முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கைகளைப் பார்க்காமல் யாரும் இந்தப் பீடத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சிலர் குனிந்து மரியாவைப் பார்க்கிறார்கள். சிலர் அண்ணாந்து மேலே பார்க்கிறார்கள். மேலே கிறிஸ்து தம் தாயை விண்ணகத்துக்கு எடுத்துச் செல்கிறார். அதற்கும் மேலே, பீடத்தின் உச்சியில், முடிசூட்டல் நடக்கிறது. அதன் இருபக்கமும் போலந்தின் பாதுகாவலர்களான புனித ஸ்தனிஸ்வாவும் புனித வோய்ச்சியெக்கும் நிற்கிறார்கள். அடியில், இயேசுவின் குலவழியைக் காட்டும் ஈசாயின் மரம். கண் கீழிருந்து மேலே ஏறும்போது விண்ணேற்பின் மறைபொருள் முழுவதும் வரிசையாக விரிகிறது. விரிந்த கதவுகளில் மரியாவின் மகிழ்ச்சிகள் ஆறு காட்சிகள்: மங்கள வார்த்தை, பிறப்பு, மூன்று அரசர்களின் வணக்கம், உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை. மூடினால் வேறு பன்னிரண்டு காட்சிகள் தெரியும்: மரியாவின் பெற்றோரான சுவக்கீனும் அன்னம்மாளும், மரியாவின் பிறப்பு, இயேசு கைதாவது, கல்லறையில் வைப்பது என்று மரியாவின் வாழ்வும் அவர் மகனின் பாடுகளும். இத்தகைய பீடங்கள் சாதாரண நாட்களில் மூடியே இருக்கும். திருவிழா அன்று திறக்கும்போது பொன் மின்னும்.

நடுக்காட்சியின் பன்னிரண்டு திருத்தூதர்களின் உடல்களை உற்றுப் பார்க்க வேண்டும். முழங்கையில் புடைத்த நரம்பு, கன்னத்தில் தொங்கும் தோல், வழுக்கை மண்டையின் மேடுபள்ளம், வேலை செய்து காய்த்த விரல் முட்டுகள். கிராக்கோவின் தோல்நோய் மருத்துவப் பேராசிரியர் ஃபிராஞ்சிஷெக் வால்டர், 1933-ல் ஸ்டோஸைத் தோல்நோய்களின் சிற்பி என்றே குறிப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஒரு மருத்துவரே பெயர் சொல்லும் அளவுக்கு நோயின் குறிகள் அந்த மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டோஸுக்கு மாதிரியாக நின்றவர்கள் வாவெல் அரசவையினர் அல்லர் என்பது பார்த்ததுமே தெரியும். சந்தையில் கூவியவர்கள், சுமை தூக்கியவர்கள், ஆலயப் படிக்கட்டில் கையேந்தியவர்கள் ஆகியோரின் உடல்களே திருத்தூதர்களின் உடல்களாகியுள்ளன. அரசவைக்கான கலையில் இந்த உரிமை சிற்பிக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பணம் கொடுத்த ஊரார் தங்களைப் போன்றவர்களையே பீடத்தில் பார்க்க ஒப்பினார்கள்.

இதே ஆலயத்தில் அரச நாணயச்சாலைத் தலைவர் ஹென்ரிக் ஸ்லாக்கர் கேட்டதற்காக ஸ்டோஸ் கல்லில் செதுக்கிய பாடுபட்ட சிலை ஒன்றும் உண்டு. பெரிய பீடத்தின் ஒளியில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. மணற்கல்லில் விலா எலும்பும் நரம்பும் அவ்வளவு துல்லியமாக வந்திருக்கின்றன. அரசர் கசிமீர் இறந்தபோது வாவெலில் அவருக்குச் சிவப்புச் சலவைக்கல் கல்லறை செய்தவரும் ஸ்டோஸ்தான். 1496-ல் அவர் நியூரம்பெர்க்குத் திரும்பினார். அங்கே போட்ட முதலில் ஏமாந்து, அதை மீட்கக் கள்ள ஆவணம் தயாரித்து, 1503-ல் பிடிபட்டு, இரண்டு கன்னங்களிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைக்கப்பட்டார். 1533-ல் இறந்தார்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகளில் ஆலயத்தில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. கிராக்கோவின் பெருவணிகர்களில் பலர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1311-12-ல் நகரத் தலைவன் ஆல்பர்ட் இளவரசர் வ்வாதிஸ்வாவுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றபோதே மொழிப்பிளவு வெளிப்பட்டிருந்தது. மரியன்னை ஆலயத்தின் மறையுரையும் நெடுங்காலம் ஜெர்மன் மொழியில்தான் நடந்தது. 1537-ல் அரசர் முதலாம் சிகிஸ்முண்ட் காலத்தில் அது மாறியது: பெரிய ஆலயத்தில் இனிப் போலந்து மொழி மறையுரை, ஜெர்மன் மறையுரை அருகிலிருந்த சிறிய புனித பார்பரா ஆலயத்துக்கு. இரண்டு ஆலயங்களுக்கும் இடையே நடந்து கடக்கச் சில அடிகள்தான். ஆனால் ஒரு தலைமுறை வணிகர்களின் பிள்ளைகள் போலந்து மொழிக்கு மாறிவிட்டார்கள் என்பதையும், கைவினைஞரும் வேலையாட்களுமான போலந்து மக்கள் தங்கள் பங்குக் கோயிலில் தங்கள் மொழியைக் கேட்கும் உரிமையைப் பெற்றார்கள் என்பதையும் அந்தச் சில அடிகள் காட்டுகின்றன.

18-ஆம் நூற்றாண்டின் பரோக் மாற்றங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பங்குத்தந்தை யாட்செக் வொபாட்ஸ்கி, இத்தாலியக் கட்டடக்கலைஞர் பிரான்செஸ்கோ பிளாச்சிதியைக் கொண்டு கருஞ்சலவைக்கல் பீடங்களையும் முகப்பின் பலகோண வாயில் மண்டபத்தையும் அமைத்தார். வெனிஸ் ஓவியர் பிட்டோனியின் ஓவியங்கள் அந்தப் பீடங்களுக்கு வந்தன. பின்னர், நகரம் ஆஸ்திரிய ஆட்சிக்குள் போனபோது, ஆலயத்தைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டம் அகற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஊரார் உறங்கிய நிலம் இன்று கல் பாவிய ஒரு சிறு வெளி.

நாடே வரைபடத்தில் இல்லாமல் மூன்று பேரரசுகளுக்குப் பங்கான 19-ஆம் நூற்றாண்டில்தான் மரியன்னை ஆலயம் ஒரு நகரத்தின் பங்குக் கோயில் என்ற நிலையைத் தாண்டி ஒரு தேசத்தின் நினைவிடமானது. 1889-91-ல் வரலாற்று ஓவியர் யான் மதேய்க்கோ சுவர்களையும் கூரையையும் வண்ணத்தால் நிரப்பினார். அடர்நீலக் கூரையில் பொன் விண்மீன்கள், சுவரெங்கும் வானதூதர்கள், அவர்கள் ஏந்திய பட்டைகளில் மன்றாட்டு மாலையின் வரிகள். கொடையாளரான தொழிற்சங்கங்களின் சின்னங்களையும் அவர் வரைந்தார். ஏணியில் ஏறி வேலை செய்த மாணவர்களில் ஸ்தனிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கியும் யூசெஃப் மெஹோஃபரும் இருந்தார்கள்; இருவரும் பின்னாளில் போலந்துக் கலையின் பெரும்பெயர்கள். மேற்குச் சாளரத்தின் கண்ணாடி ஓவியத்தை அவர்கள் இருவருமே வடிவமைத்தார்கள். பீடப்பகுதியின் கிழக்குச் சாளரங்களில் இடைக்காலக் கண்ணாடி ஓவியங்கள் நூற்றுக்கும் மேல் இன்னும் இருக்கின்றன. மதேய்க்கோவின் வண்ணம் கூடுதல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. வெறும் செங்கல் சுவருக்கு முன்னால் ஸ்டோஸின் பொன் தனித்து உரத்துக் கேட்டிருக்கும். இந்த நீலமும் பச்சையும் அதைத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன.

1900 நவம்பர் 20 அன்று கவிஞர் லுட்சியான் ரிதெல், புரோனோவிட்சே கிராமத்து உழவர் மகள் யாத்விகாவை இங்கே மணந்தார். படித்த நகரத்தாரும் உழவர்களும் ஒரே ஆலயத்தில் நின்ற அந்தத் திருமணத்தை வைத்துத்தான் விஸ்பியான்ஸ்கி ‘திருமணம்’ என்ற நாடகத்தை எழுதினார். மறு ஆண்டே அது அரங்கேறியது. போலந்து நாடக வரலாற்றில் அதற்கு ஒப்பானது குறைவு. கூரையில் தான் வண்ணம் தீட்டிய அதே பங்குக் கோயிலிலிருந்து அவருக்குக் கதையும் கிடைத்தது.

1939 கோடையில் போர் நெருங்கியபோது பீடத்தின் உருவங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்து, விஸ்துலா ஆற்றில் படகேற்றிச் சாண்டோமியெஷ் நகரத்துக்கு அனுப்பி ஒளித்தார்கள். ஜெர்மன் படை நுழைந்த சில வாரங்களிலேயே நாஜிகளின் கலைக்கொள்ளைக் குழு மோப்பம் பிடித்துவிட்டது. பெட்டிகள் பெர்லினுக்குப் போயின. பிறகு நியூரம்பெர்க்கின் மேயர் வில்லி லீபெல், ஸ்டோஸ் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லி அவற்றைத் தம் நகரத்துக்கு வரவழைத்துக்கொண்டார். நியூரம்பெர்க் கோட்டைக் குன்றின் பாறைக்குள் குடைந்த காப்பறையில் பீடம் வைக்கப்பட்டது. மேலே நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமானது. உள்ளே திருத்தூதர்கள் தப்பினார்கள். கலை வரலாற்றாசிரியர் கரோல் எஸ்த்ரைஹர், களவுபோன போலந்துக் கலைப்பொருள்களின் பட்டியலைப் போர்க்காலத்திலேயே லண்டனில் இருந்துகொண்டு தொகுத்து வைத்திருந்தார். போருக்குப்பின் அமெரிக்கப் படையின் உதவியோடு பீடத்தை மீட்டு, 1946 ஏப்ரல் 30 அன்று லியோனார்டோவின் ‘எர்மினோடு பெண்’ ஓவியத்தையும் சேர்த்து ரயிலில் கிராக்கோவுக்குக் கொண்டு வந்தார். பழுது நீக்கப்பட்ட பீடம் ஆலயத்துக்குள் மறுபடி நின்றது 1957-ல். 2015-ல் தொடங்கிய அண்மைய பெரும் பராமரிப்பு வேலை 2021-ல் முடிந்தது.

ஸ்டோஸ் ஜெர்மானியரா, போலந்துக்காரரா என்று இரண்டு நூற்றாண்டுகளாக வழக்காடி வருகிறார்கள். அவர் கிராக்கோவிலேயே பிறந்தவர் என்று 19-ஆம் நூற்றாண்டில் போலந்தில் வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஜெர்மன் மேலாண்மையின் சான்று என்று நாஜிகள் முழங்கினார்கள். அவர் பிறந்தது ஜெர்மனியின் ஷ்வாபியப் பகுதியில், நெக்கர் ஆற்றங்கரை ஹோர்ப் என்ற ஊரில் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் முடிவு. ஆனால் அந்த வழக்கே தவறான இடத்தில் நடக்கிறது என்பேன். நியூரம்பெர்க்கின் பெரிய ஆலயங்களும் நகர மன்றத்தின் பிடியில் இருந்த பங்குக் கோயில்களே. அங்கே தொழில் பழகிய ஒருவர், அதே வகையான இன்னோர் ஊரின் பங்குக்கு வேலை செய்ய வந்தார். ஜெர்மன் பேசிய வணிகர் கொடுத்த காசும் போலந்து பேசிய தச்சர் கொடுத்த காசும் 2,808-க்குள் கலந்தே கிடக்கின்றன. பீடம் எந்த இனத்தின் சொத்தும் அல்ல. கிராக்கோவ் மரியன்னைப் பங்கின் சொத்து. நாஜிகள் செய்தது ஒரு நாட்டின் கலையைத் திருடியது மட்டுமல்ல, ஒரு பங்கு மக்களின் பீடத்தைத் திருடியது.

கிராக்கோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சுற்றுலாப் பயணிகள் பக்கவாயில் வழியே சீட்டு வாங்கி உள்ளே போகலாம். செபிக்க வருகிறவர்களுக்கு முகப்பு வாயில் கட்டணமின்றித் திறந்திருக்கும். பீடத்தின் கதவுகளை வார நாட்களில் முற்பகல் 11:50-க்குத் திறக்கிறார்கள். கூட்டமும் அந்த நேரத்துக்குத்தான் சேரும். நீங்கள் அதற்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். மூடிய கதவுகளின் பன்னிரண்டு காட்சிகளையும் முதலில் பாருங்கள். அவற்றுக்கு நேரம் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.